நான்காவது கண்ணியில் ஓர் அழுத்தம் கூடுதல்

டென்மார்க்கில் எங்கள் ஊரில் ஒரு தம்பதிக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள், அதாவது வெள்ளிவிழா என்றால் உறவில் யாராவது பாட்டுக் கட்டியே ஆகவேண்டும். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, புது வார்த்தைகள். அச்சடித்து ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் வைப்பார்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் பாடுவார்கள். என் அப்பா அம்மாவுக்கு யூட்டே அத்தை கட்டினாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், அதுவும் டேனிஷ் இலக்கியம். "சும்மா ஒரு தடவை பாத்துக் குடு" என்று காபியோடு தாளையும் என் பக்கம் தள்ளினாள்.

பார்த்தேன். கண்ணிக்கு நான்கு வரி. ஒன்றாம், மூன்றாம் வரிகளில் குரல் நான்கு இடத்தில் அழுந்தும். மற்ற இரண்டில் மூன்று. ஒன்றுவிட்டு ஒரு வரிக்கு இயைபு. அம்மாவை முதல் கண்ணியில் விடியலாகவும் மூன்றாவதில் டிராக்டராகவும் உவமித்திருந்தாள். போகட்டும். நான்காவது என்னைப் பற்றியது. படித்தாளாம், கோபன்ஹேகன் போனாளாம், பன்றிக் கசாப்பு ஆலையில் வேலை பார்க்கும் அப்பாவின் கோட்டு வாசம் இப்போது அவளுக்கு வெட்கமாம்.

பற்றிக்கொண்டு வந்தது. இதை ஊரே சேர்ந்து அப்பாவின் முகத்துக்கு நேராகப் பாடும். அவரும் நம்பிவிடுவார்.

"கடைசி வரியில ஒரு அழுத்தம் கூட இருக்கு, அத்தை. பாடறப்போ எல்லாரும் தடுக்கி விழுவாங்க. அந்தக் கண்ணியையே எடுத்துடுங்க."

அத்தை மேசையில் விரலால் தட்டிப் பார்த்தாள். "'இப்போ'வை எடுத்தா சரியாப் போச்சு. இதுக்காடீ இத்தனை வருஷம் படிச்சே?"

அது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

"சந்தம் சரியாயிடும். விஷயம் பொய்."

"பொய்யா? கிறிஸ்துமஸுக்கு வந்தவ, அப்பா வந்து உட்கார்ந்ததும் ஜன்னலைத் திறந்தியே?"

"நாத்தம் அடிச்சுது, திறந்தேன். நாத்தம் வேற, வெட்கம் வேற."

"அப்போ நீயே எழுது, மகாராணி. மத்தியானம் பிரிண்டுக்குப் போகணும். என் இயைபைக் கெடுத்தே, கொன்னுடுவேன்."

அவளுடைய இயைபு மட்டமானது. அதற்குள் நின்றுதான் எழுதினேன்: அந்த வாசத்தோடுதான் எங்கள் மேசைக்கு ரொட்டி வந்தது. சரியாக மூன்று அழுத்தம்.

சனிக்கிழமை மண்டபத்தில் பாடினார்கள். யாரும் தடுக்கி விழவில்லை. அந்த வரியில் அப்பா மட்டும் பாடுவதை நிறுத்திவிட்டார். பாட்டு முடிந்து, எல்லோரும் எழுந்து ஹுர்ரே போட்டு உட்கார்ந்த பிறகு என் நாற்காலிப் பக்கம் வந்தார்.

"உன் கண்ணியோட கடைசி வரி யூட்டேயோடது இல்லையே."

"இல்ல. என்னோடது."

"அந்த வாசம் உனக்குப் பிடிக்குமா?"

"பிடிக்காதுப்பா. ஆனா வெட்கம் இல்ல."

அப்பா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் பிடிச்சதே இல்ல" என்றார்.