கறுப்பு பனியன் துணிக்குள் விடிந்தது

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் வெள்ளியங்கிரி கட்டிங் மாஸ்டர். துணியைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவனுடைய சொந்த அபிப்பிராயம். அவன் மனைவி மருதாளுக்குத் துணி வேண்டாம், புழு வேண்டும். சேவூரில் தன் பங்குக்கு வந்த ஓர் ஏக்கரில் மல்பெரி நட்டு, தொண்ணூற்றிரண்டாம் வருசம் ஐப்பசியில் முதன்முதலாகப் பட்டுப்புழு முட்டை வாங்கினாள்.

"இந்த ஒருக்கா பாப்பம். சரியா வரலீன்னா மல்பெரியப் புடுங்கிப் போட்டுட்டு நீயும் கம்பெனிக்கு வந்துரு புள்ள" என்று வெள்ளியங்கிரி கெடு வைத்தான். மருதாள் சரியென்றாள். ஆனால் நாள் முழுக்க ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்று பனியனில் நூல் பிசிறு வெட்ட அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை.

பட்டு ஆபீசிலிருந்து வந்த குமாரசாமி, முட்டை அட்டையோடு ஒரு கறுப்புக் காகிதத்தையும் கொடுத்திருந்தார்.

"முட்டைக்குள்ள இருக்கற புழுவுக்கும் ஒரு கடிகாரம் ஓடுதுங்க. வெளிச்சம் பட்டாத்தான் அதுக்கு விடிஞ்ச மாதிரி. முட்டையில கரும்புள்ளி தெரிஞ்சதும் ரெண்டு நாள் இருட்டுல மூடி வச்சிருங்க. முந்துன புழுவும் காத்துக்கிட்டிருக்கும். மூணாம் நாள் காலையில தொறந்தா எல்லாம் ஒண்ணா வெளிய வரும். ஒண்ணா வந்தாத்தான் ஒண்ணா திங்கும், ஒண்ணா கூடு கட்டும்."

வெள்ளியங்கிரிக்குக் காகிதம் பிடிக்கவில்லை. "பனியன் ஊர்ல இருந்துக்கிட்டு காயிதத்துல மூடுனா நாலு பேர் சிரிப்பாங்க" என்று கம்பெனியிலிருந்து கறுப்பு பனியன் துணி கொண்டுவந்தான். முட்டை அட்டையை வைத்திருந்த பெட்டியின் மேல் சுருக்கம் விழாமல் இழுத்துத் தன் கையாலேயே கட்டினான். காகிதத்தில் முறுக்கை மடித்து வேலைக்கு எடுத்துப் போய்விட்டான்.

அந்த இரண்டு நாளும் மருதாள் பட்ட பாடு சொல்லி மாளாது. பெட்டியைத் திறந்து பார்க்கக் கை பரபரத்தது. அந்தக் கைக்கு வேலை கொடுக்க, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். குண்டான்களெல்லாம் தேய்ந்து பாதியாகிவிட்டிருக்கும். ஆனால் முடிச்சை மட்டும் தொடவில்லை.

மூன்றாம் நாள் காலை குமாரசாமி வந்து திறந்தார். கால்வாசி புழுக்கள் எப்போதோ பொரிந்து, தின்ன இலையில்லாமல் துவண்டு கிடந்தன. சில அப்போதுதான் நெளிந்தன. மீதி இன்னும் முட்டைக்குள்ளேயே இருந்தன.

"நடுவுல யாருங்க தொறந்தது?"

"வேற யாருங்க? ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்கலீங்க" என்றான் வெள்ளியங்கிரி.

மருதாளுக்குக் கோபம் பொங்கியது. அழுகைகூட வந்தது, அதை அவனுக்குக் காட்ட மனமில்லை. துணியை எடுத்து, அவன் கட்டும்போது இழுத்த அதே இழுப்பில் இழுத்து, கிழக்கு ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். பின்னலின் கண்ணெல்லாம் திறந்துகொண்டது. வெயில் சல்லடையில் சலித்தது போல உள்ளே வந்து வெள்ளியங்கிரியின் சட்டையில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

"ஏனுங்க மாஸ்டர், பனியன் துணிய இழுத்தா என்னாகுமுங்க?"

பதினோரு வருசமாகத் துணியை இழுத்து இழுத்துப் பார்த்தே பேர் வாங்கியவன் அவன். முதல் நாள் காலையிலேயே சில புழுக்களுக்கு விடிந்துவிட்டது. எல்லோருக்கும் கடைசியாக விடிந்தது அவனுக்குத்தான்.

குமாரசாமி முந்திப் பொரிந்தவற்றை ஒதுக்கச் சொன்னார். மீதி தேறும் என்றார். இப்படிப்பட்ட விஷயங்களை ஆம்பளைகளிடமே கேட்டுப் பழகியவர், வெள்ளியங்கிரி பக்கம் திரும்பினார்.

"சரியா வரலீன்னா மல்பெரியப் புடுங்கப் போறதா முட்டை வாங்கறப்பச் சொன்னீங்களே. அடுத்த மாசத்துக்கு முட்டை எழுதட்டுங்களா, வேண்டாங்களா?"

வெள்ளியங்கிரி துணியை வாங்கி மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"கட்டுனது நானுங்க. அவ தொடவே இல்ல" என்றான். "தோட்டம் அவளுது, புழுவும் அவளுது. என்னைய எதுக்குங்க கேக்கறீங்க?"

குமாரசாமி நோட்டோடு அவள் பக்கம் திரும்பினார்.

"இப்ப வாங்குனதப் போல ரெண்டு பங்கு எழுதிக்குங்க" என்றாள் மருதாள். குரல் நடுங்கியது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.