பெயர்களால் நிரம்பிய விமானம்

தராசில் ஸ்த்ராத்திஸ் ஏறி நின்றதும் முள் வலது கோடிக்கு ஓடியது. "உன் தராசு பொய் சொல்லுது கும்பாரா," என்று சிரித்தார். ஆர்கிரோ சிரிக்காமல் எடையைக் குறித்துக்கொண்டாள். சின்ன விமானம், குட்டையான ஓடுபாதை. பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். அதனால் இந்தக் கிரேக்கத் தீவில் யார் இளைத்தார், யார் பெருத்தார் என்பது ஊருக்கே தெரியும். அவளுடைய மகள் செவாஸ்தி கர்ப்பமாக இருப்பதை மாப்பிள்ளைக்கு முன்பே கண்டுபிடித்தது இந்தத் தராசுதான் என்று காப்பிக்கடையில் இன்றைக்கும் கேலி பேசுவார்கள்.

செவாஸ்திக்கு ஞானஸ்நானத்தின்போது எண்ணெய் தடவிய ஞானத்தகப்பன் ஸ்த்ராத்திஸ். அந்த முறையில்தான் அவரும் ஆர்கிரோவும் ஒருவரையொருவர் கும்பாரா, கும்பாரே என்று அழைத்துக்கொண்டார்கள். அப்போது அவரிடம் இருந்ததெல்லாம் யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு விமானமும், 'போனென்தே ஏர்' என்று தானே வர்ணம் தீட்டிய பலகையும்தான். அவரே விமானி. காற்று அடித்துப் போக முடியாத நாட்களில் ஆர்கிரோ வீட்டுப் பருப்பு சூப்பைக் குடித்துவிட்டு அவள் வீட்டிலேயே படுத்துக்கொள்வார். அவள்தான் சீட்டு கொடுப்பாள், பெட்டி ஏற்றுவாள், ஓடுபாதையில் மேயும் ஆடுகளை விரட்டுவாள். இப்போது அவர் கம்பெனிக்கு ஜெட் விமானங்கள் வந்துவிட்டன. பாதி ஜெர்மனி அதில்தான் கடலுக்குக் குளிக்க வருகிறது. ஆண்டு விழா மலருக்காக, தொடங்கிய இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு புகைப்படக்காரனோடு காலையில் வந்திருந்தார்.

படம் எடுத்து முடிந்ததும் அவளுடைய சின்ன அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"குளிர்கால ஓட்டத்தை நிறுத்தறோம். இன்னிக்குப் போறதுதான் கடைசி. நாளைக்கு அறிவிப்பு வரும், அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

"ஏன்?" என்றாள் ஆர்கிரோ.

"உங்க ஊர்க்காரங்க சீட்டுக்குப் பேரு குடுக்கறாங்க, ஆளு வர்றதில்ல. வெறும் பேரை ஏத்திக்கிட்டு எவ்வளவு நாள் பறக்கறது, சொல்லு?"

அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததே இந்த மனுஷன்தான். முதல் குளிர்காலத்தில் விமானத்தில் ஏற ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் அரசாங்கம் மானியத்தை நிறுத்திவிடும். அவள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, "ஊர்ப் பேரையெல்லாம் எழுது கும்பாரா, என்னைக் காப்பாத்து," என்று கெஞ்சினார். எழுதினாள். விமானம் நின்றுவிடக் கூடாதென்று ஊரே வந்து பெயர் கொடுத்தது, பாதிரியார் உட்பட. அதற்கு முன்பே இறந்துபோன பாந்தெலிஸ் கிழவர்கூட அந்தக் குளிர்காலம் முழுக்க வாராவாரம் காகிதத்தில் ரோட்ஸ் தீவுக்குப் போய்வந்தார். பெயர் கொடுத்தால்தான் விமானம் வரும் என்ற எண்ணம் பிறகு ஜனங்களின் ரத்தத்தில் ஊறிவிட்டது. இன்றைக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

"ஜனவரியில செவாஸ்திக்குப் பிரசவம். இங்க பார்க்க ஆள் இல்லேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"கப்பல் இருக்கே."

ஜனவரிக் கடலில் கப்பல் வருவதும் வராததும் யார் கையிலும் இல்லை. அது தெரிந்துதான் சொல்கிறார் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"உன்னை நான் விட்டுட மாட்டேன்," என்றார். "ஏதென்ஸ்ல தொலைஞ்ச பெட்டிகளைத் தேடித் தர்ற இடத்துல உனக்கு வேலை சொல்லியிருக்கேன்."

கதவைத் தட்டிவிட்டு விமானி எட்டிப் பார்த்தான். காற்று தெற்கே திரும்பிவிட்டது, இந்தப் பாரத்தோடு எழும்ப முடியாது, இரண்டு பேரை இறக்க வேண்டும் என்றான்.

வெளியே பயணிகள் வரிசையாக நின்றிருந்தார்கள். ரோட்ஸ் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கப் புறப்பட்ட செவாஸ்தி, ஒரு தோள்பையோடு அதில் நின்றாள். ஸ்த்ராத்திஸ் அவள் கன்னத்தைத் தட்டினார்.

"என் கண்ணுல்ல? நானும் போட்டோகிராபரும் அவசரமா போகணும். நீயும் இன்னொருத்தரும் வியாழக்கிழமை போங்களேன்."

"அதுக்கென்ன நோனே, போயிட்டு வாங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்று அவள் பையை எடுத்துக்கொண்டு வரிசையைவிட்டு விலகினாள். நோனோ என்று தான் கூப்பிடும் ஞானத்தகப்பனை ஒரு நாளும் மறுத்துப் பேசாத பெண்.

வியாழக்கிழமை விமானம் கிடையாது என்று இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று ஆர்கிரோ அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"செவாஸ்தி, ஏறு," என்றாள் ஆர்கிரோ. "பாரம் கூடினா இலவசச் சீட்டுக்காரங்கதான் முதல்ல இறங்கணும். அது கம்பெனிச் சட்டம். போட்டவரே இதோ நிக்கிறார்."

"கும்பாரா, விளையாடாதே."

அவள் அவர் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னாள். "முதல் குளிர்காலத்துப் பேரெல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம் கும்பாரே. பாந்தெலிஸ் கிழவர்ல இருந்து ஆரம்பிக்கட்டுமா? எழுதினது நான்தான். ஜெயிலுக்குப் போனா நானும்தான் போவேன்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. புகைப்படக்காரனுக்குக் கை காட்டிவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

செவாஸ்தி படியில் திரும்பி நின்றாள். "என்னம்மா இது, நோனோவை இப்படி! சரி, மிக்கெஸ் கடல்லருந்து வந்தா சாப்பாடு குடு. வியாழக்கிழமை வந்துடறேன்."

உண்மையைச் சொன்னால் இந்த நிமிஷமே இறங்கிவிடுவாள். புருஷன் மிக்கெஸை விட்டு, அம்மாவை விட்டுப் போக மாட்டாள். ஆர்கிரோ மகளின் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிவிட்டாள். "குடுக்கறேன். போ," என்றாள்.

விமானம் கடைசி முனை வரை ஓடி, ஒருவழியாக எழும்பியது. ரோட்ஸில் இருக்கும் தங்கைக்கு ஆர்கிரோ போன் போட்டாள்.

"செவாஸ்தி வர்றா. குழந்தை பிறக்கற வரைக்கும் உன்கூடவே வெச்சுக்கோ. இங்க விமானம் இனிமே இல்ல. நீயே அவகிட்ட பக்குவமா சொல்லிடு."

பெஞ்சிலிருந்து ஸ்த்ராத்திஸ் கேட்டார். "அடுத்த கப்பல் எப்போ?"

"காத்து அடங்கினா," என்றாள் திரும்பாமலே.

போனில் தங்கை அழத் தொடங்கியிருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டுத்தானே வர்றா?" என்று கேட்டாள்.

விமானம் கடலுக்கு மேலே சின்னதாகிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாளைக்கு எடுத்திருக்கா," என்றாள் ஆர்கிரோ.