பீப்பாயின் அடிவண்டல்

இங்கிலாந்தில் நூறு வருஷமாக நின்றுபோயிருந்த விஸ்கித் தொழிலை இந்த இருபது வருஷமாகத்தான் மறுபடி நடத்துகிறார்களாம். அதனால் காரைக்குடியில் பழஞ்சாமான் கடை வைத்திருக்கும் அழகுசுந்தரத்துக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். அவர் மகள் தேவிகா அப்படியொரு ஆலையில்தான் வேலை பார்க்கிறாள். அவள் விசா இந்த மாதத்தோடு முடிகிறது.

முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும். ஊரில் புருஷன் இருக்கிறான். அவன் முறித்த மணிக்கட்டு அவளுக்கு இன்னும் சரியாக மடங்குவதில்லை. பக்கத்து ஊரான கல்லலில் நல்ல இடம் என்று தேடிப்பிடித்துக் கட்டிவைத்தவர் சாட்சாத் அழகுசுந்தரமேதான். அந்த நினைப்பு வந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஆலை முதலாளிக்கு ஓர் ஆசை. அந்தக் காலத்து இங்கிலாந்து விஸ்கியைப் புளிக்கவைக்கப் போட்ட பீர் ஈஸ்ட் கிடைத்தால் உயிர்ப்பித்துப் பழைய ருசியைக் கொண்டுவரலாம். கொண்டுவருகிறவளுக்கு வேலை நிரந்தரம், விசாவும் நீளும். அழகுசுந்தரம் வீடு வீடாக அலைந்து, கீழச்சிவல்பட்டி தேனம்மை ஆச்சி வீட்டில், வெள்ளைக்காரத் துரைமாருக்கு விருந்து வைத்த காலத்துப் பீர்ப் பீப்பாய் ஒன்றைக் கண்டுபிடித்தார். மூடியில் சுட்டிருந்த பழைய இங்கிலாந்து ஆலை முத்திரையை வீடியோவில் பார்த்ததும் தேவிகா அழுதுவிட்டாள்.

"அதுதாம்ப்பா. உள்ள சுத்தமா இருக்கணும், அத மட்டும் பாத்துக்கங்க."

ஈஸ்ட் மரத்தில் ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார் மனிதர். சுத்தம் என்றால் அவர் தொழிலில் ஒரே அர்த்தம்தான். வெந்நீர், புளி, சலவைச் சோடா. கடை ஆட்களை நம்பாமல் மூன்று நாள் தானே உட்கார்ந்து தேய்த்து, வெயிலில் காயவைத்துப் படம் அனுப்பினார்.

உடனே போன் வந்தது.

"அடியில கறுப்பா ஏதும் ஒட்டியிருந்துச்சாப்பா?"

"இருந்துச்சு தாயி. சுரண்டி எடுத்துட்டேன்."

தேவிகா மெதுவாகச் சொன்னாள். வேறெதுவும் கலக்காமல் இருப்பதைத்தான் அவள் சுத்தம் என்றாளாம். அந்தக் கறுப்பு வண்டல்தான் ஈஸ்ட்.

அழகுசுந்தரம் கொல்லைச் சாக்கடைக்கு ஓடினார். சோடாத் தண்ணீர் ஓடிய சேற்றை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போத்தலில் அடைத்தார். தெருவே குளித்துக் கழுவிய சேறு அது என்பது அவருக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் அள்ளினார். டவுன் பஸ் பிடித்து ஆச்சி வீட்டுக்கும் போய்க் கேட்டார். வேறு பீப்பாய் இல்லை.

சாயங்காலம் தேவிகாவே கூப்பிட்டாள். டிக்கெட் போட்டுவிட்டாளாம்.

"முப்பதாந்தேதி வாரேன்ப்பா. நீங்க அழுகாதீக."

மூன்று வருஷமாக அவள் முகத்தை நேரில் பார்க்க ஏங்கிக்கொண்டிருந்த மனிதர் அவர். மருமகன் அன்று காலையில்கூடக் கடைக்கு வந்து, எப்போது வருகிறாள் என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

"இங்குட்டு வராத தாயி," என்றார் அழகுசுந்தரம். "எங்குட்டாச்சும் போயிரு. அப்பன் செத்துட்டேன்னு சொன்னாலும் வராத."