மெத்தைக்கடியில் வரைபடம்

"நீ தள்ளிக்கோ, கால் பக்கம் நான் புடிச்சுக்கறேன்" என்று சித்தப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார். அவள் நகரவில்லை. ஐஸ் பெட்டியில் வைக்க அப்பாவைத் தூக்கினால் மெத்தை விலகும். விலகினால் அடியிலிருக்கும் இரண்டு அட்டைகள் தெரியும்.

அட்டைகளுக்கு நடுவே இருநூறு வருடப் பழைய வரைபடம். எல்லைக் கோட்டைகளும், அவற்றுக்கிடையே வெள்ளைக்காரர்களின் சரக்குப் படகுகள் போய்வந்த ஆற்று வழிகளும் வரைந்தது. ஆவணக் காப்பகத்தில் கிழிந்த தாள்களை ஒட்டுவது அப்பாவின் வேலை. ஒட்டிய இடம் சுருங்காமல் காய வேண்டுமானால் மேலே பாரம் வேண்டும். அங்கிருந்த அழுத்து இயந்திரம் பழுதாகி ஒரு மாதம். நேற்று மாலை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு எடுத்துவந்து, "ஆள் பாரம் மாதிரி வராது" என்று சிரித்தபடி மேலே படுத்தார். காலையில் எழவில்லை.

வாசலில் காப்பகத்தின் தலைமை அதிகாரி செருப்பைக் கழற்றினார். அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சற்று நின்றார். பிறகு அவர் கண்கள் அலமாரிக்குப் போயின.

"தப்பா நெனச்சுக்காதம்மா. ஆபீஸ்ல ஒரு மேப் காணோம். போலீசுக்குச் சொல்லுங்கன்னு மேலேருந்து நெருக்கறாங்க. பசைக்காரர் ஏதாவது சொன்னாரா?"

அலுவலகத்தில் அப்பாவுக்கு அதுதான் பெயர்.

"இல்ல சார்."

முப்பத்தொரு வருட வேலை. நாளைக்கே திருடன் என்பார்கள்.

"எழவு வீட்ல வந்து மேப்பாம்" என்று முணுமுணுத்த சித்தப்பா, குரலை உயர்த்தினார். "வந்தது வந்தீங்க, ஒரு கை குடுங்க சார். அண்ணன் ஒல்லிதான், ஆனா எலும்பு கனம்."

"வேணாம், நானே..." என்று அவள் முன்னால் வருவதற்குள் அதிகாரி குனிந்துவிட்டார்.

மெத்தைக்கடியில் போன கை அங்கேயே நின்றது. விரல்கள் விளிம்பைத் தடவி, அட்டைகளுக்கு நடுவே நுழைந்தன. அவள் அவருடைய கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வச்சாரு?" காதருகே கேட்டது அந்தக் குரல்.

"நேத்து... ஆறு மணிக்கு."

அவர் விரல்நுனிகளில் ஒட்டிய பசையைத் தேய்த்துப் பார்த்தார்; இன்னும் ஈரம்.

"இப்பத் தூக்க வேணாம்" என்றார் நிமிர்ந்து. "மத்தியானம் வரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

"பெட்டி வந்தாச்சே சார்!"

"இருக்கட்டும்."

நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கைப்பேசியை எடுத்து, திரையை அணைத்துத் தொடைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார். மத்தியானத்துக்குப் பிறகு அதில் யாரைக் கூப்பிடுவார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். அப்பாவின் பாரம் எட்டாத மெத்தை ஓரத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி அழுத்தினாள்.