சில்வி பிடித்த அளவுகோல்

லும்மே ஏரியை மனிதக் கை தொட்டதே இல்லை என்று சில்வி தொல்வானென் மூன்றாவது முறையாகச் சொன்னாள். ஹெல்கா வாயிலிருந்த அடையை மென்று விழுங்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். அரிசிக் கூழ் வைத்துச் சுட்ட ரை என்ற தானிய மாவு அடை, மேலே முட்டையும் வெண்ணெயும் பிசைந்து வைத்தது. நல்ல அடைதான். ஆனால் சொல்லப்பட்ட விஷயம் தொண்டைக்குள் இறங்க மறுத்தது.

"கடவுள் எப்படி ஊத்தி வெச்சாரோ அப்படியே இருக்கு," என்றாள் சில்வி, காபியை மறுபடி ஊற்றிக்கொண்டே. "உங்க ஆபீஸ்ல போய் எழுதிக்கோ, அதிகாரி அம்மா."

"எழுதிடலாம், சில்வி. அதுக்கு முன்னாடி கொஞ்சம் அளந்து பாக்கணும்."

"எதுக்கு அளக்கணும்? நான்தான் சொல்றேனே!"

ஹெல்கா குவோப்பியோ நகரில் நீர்வள அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவள். மனிதர்கள் வெட்டி, இறக்கி, நேராக்கி, அணைகட்டி உருமாற்றிய ஆறுகளையும் ஏரிகளையும் கண்டுபிடித்துப் பட்டியல் போடுவது அவள் வேலை. லும்மே ஏரி தன் பங்குக்கு வந்தபோது, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று மேலதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தாள். "ஜூலை மாச லீவுல ஆபீஸ்ல நீயும் நானும் காபி மெஷினும்தான் இருக்கோம். காபி மெஷினுக்கு டிரைவிங் தெரியாது. நீ அளந்துட்டு வா, நான் சரிபாக்கறேன்," என்று அவர் சொல்லிவிட்டார்.

அப்படித்தான், கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, வருங்கால மாமியாரின் ஏரியை விசாரிக்க ஹெல்கா வந்து சேர்ந்தாள்.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் முக்கியம்: இயற்கையானதா, மாற்றப்பட்டதா? மாற்றப்பட்டது என்று எழுதினால், ஏரியின் நீர்மட்டத்தை மறுபடி உயர்த்துகிற திட்டத்தில் லும்மே சேர்ந்துவிடக்கூடும். தண்ணீர் உயர்ந்தால் முதலில் நனையப்போவது கரையோரத்துச் சவுனா. சில்வியின் கணவர் அர்மாஸ் தன் கையால் கட்டிய வெந்நீராவிக் குளியலறை அது. அவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. சனிக்கிழமை தவறாமல் சில்வி அதில் அடுப்பு மூட்டுகிறாள். அதன் தரை தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருந்தது.

"நல்லா பாத்துட்டுப் போ. உன் பேனா முனையில அந்தச் சவுனா நிக்குது," என்றாள் சில்வி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை.

காபி முடிந்ததும், அவள் கட்டிக்கொள்ளப் போகிற சில்வியின் மகன் யால்மரி அவளை வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டுக்கு அழைத்துப் போனான். ஹெல்காவுக்கு அவனைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம், அவன் ஒரு கேள்விக்கும் நேரான பதில் சொல்லமாட்டான் என்பது. அந்தப் பக்கத்து ஆட்களே அப்படித்தான். அவளோ மேற்குக் கடற்கரைக்காரி, மனதில் இருப்பதை வாசலிலேயே கொட்டிவிடுகிற இனம்.

"உங்கம்மாவுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கலாம். பிடிக்காமலும் இருக்கலாம்."

"உன்னைக் கட்டிக்கிட்டு நான் என்ன பாடுபடப் போறேனோ!"

"படலாம். படாமலும்..." அவள் ஒரு பைன் காயை எடுத்து அவன் முதுகில் எறிந்தாள்.

அவுரிநெல்லிச் செடிகள் கணுக்கால் வரை அடர்ந்திருந்தன. ஏரியிலிருந்து நூற்றிருபது அடி தள்ளி, ஆளுயரப் பாறை ஒன்றின் அருகே யால்மரி நின்றான். பாறையின் அடியில், முழங்காலுக்கும் கீழே, துருப்பிடித்த இரும்பு வளையம் ஒன்று அறையப்பட்டிருந்தது.

"இதுதான் எங்க கொள்ளுத் தாத்தாவோட அப்பா காளையைக் கட்டின வளையம். காளை பேரு கைசர். ஒரு தடவை பாதிரியாரையே மரத்துல ஏத்திடுச்சாம். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அம்மா இந்தக் கதையைச் சொல்லுவாங்க."

ஹெல்கா மண்டியிட்டு உட்கார்ந்தாள். வளையத்துக்குக் கீழே பாறையில் கயிறு தேய்த்த பள்ளம் வழவழப்பாக ஓடியது. பிறகு இடமும் வலமும் பார்த்தாள். பானை அளவுக் கற்கள், காட்டுக்குள் ஒரே வரிசையில், ஏரிக்கரை வளைகிற மாதிரியே வளைந்து போயின. குளிர்காலத்து ஏரிப் பனிக்கட்டி விரிந்து தள்ளித் தள்ளி ஒதுக்கினால் மட்டும்தான் கற்கள் இப்படி வரிசைக்கு வரும். அந்த வரிசைக்குக் கீழே மண் தட்டையாக, சேற்றுக் களியாக இருந்தது. மேலே மணல்.

"யால்மரி, இவ்வளவு தாழ்வா யாராவது காளையைக் கட்டுவாங்களா? இங்க மேயறதுக்குப் புல்லாவது இருக்கா?"

"அவுரிநெல்லி தின்னிருக்கலாம்."

"இது காளை வளையம் இல்ல. படகு வளையம். நாம நிக்கறது பழைய கரையில."

யால்மரி வளையத்தைப் பார்த்தான். மரங்களுக்கு நடுவே தூரத்தில் மின்னிய தண்ணீரைப் பார்த்தான். முதல்முறையாக நேரான ஒரு பதில் அவன் வாயிலிருந்து வந்தது. "ஐயோ, அம்மா என்னைக் கொன்னுடுவாங்க."

"உன்னை எதுக்குக் கொல்றாங்க? என்னைத்தான்."

நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வைக்கோல் நிலத்துக்காக விவசாயிகள் இந்தப் பக்கம் எத்தனையோ ஏரிகளில் தண்ணீர் வெளியேறும் வாயை வெட்டி நீர்மட்டத்தை இறக்கியிருந்தார்கள். சிலவற்றுக்குக் காகிதச் சாட்சி உண்டு. லும்மேவுக்கு இல்லை. அதனால் அளக்க வேண்டியிருந்தது. அளக்க இரண்டு பேர் வேண்டும். மட்டம் பார்க்கும் கருவிக்குப் பின்னால் ஒருவர், அளவுகோலைப் பிடிக்க ஒருவர். யால்மரி, வலையை எடுக்க வேண்டும் என்று முனகிக்கொண்டே படகில் ஏறி, வேகமாகத் துடுப்புப் போட்டு நழுவிவிட்டான்.

"எங்கே ஓடறான் அவன்?" என்று கேட்டபடி சில்வி வந்தாள். நிறம் போட்ட ஐந்து மீட்டர் அளவுகோல் புல்லில் கிடந்தது. "இதைத்தான் பிடிக்கணுமா? நான் பிடிக்கறேன். எங்கப்பா ரோடு போட்டவர், தெரியுமா?"

ஹெல்கா அளவுகோலுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "வேண்டாம் சில்வி, நான் நாளைக்கு..."

"நாளைக்கு என்ன நாளைக்கு! சொல்லு, எங்கே நிக்கணும்?"

முதலில் தண்ணீர் விளிம்பில் நின்றாள். ரப்பர் பூட்ஸும் பூப்போட்ட ஏப்ரனும் போட்டுக்கொண்டு, கொடிக்கம்பம் பிடிக்கிற சிப்பாய்போல விறைத்துக்கொண்டு.

"கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு."

"நான் சாய்வேனா? உன் கண்ணாடியைத் துடை!"

பிறகு பாறைக்கு நடந்தாள். வளையத்தின் பக்கத்தில் அளவுகோலை நிறுத்திக்கொண்டு, "கைசர் கதை சொன்னானா?" என்று அங்கிருந்தே கத்தினாள். "பாதிரியார் மூணு மணி நேரம் மரத்துல இருந்தாராம்!" கொசு ஒன்று அவள் மூக்கில் உட்கார்ந்தது. அளவு கெட்டுவிடக் கூடாதே என்று கையை எடுக்காமல், உதட்டைக் குவித்து ஊதி ஊதி அதை விரட்டினாள். கருவிக்குள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஹெல்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இவ்வளவு ஒழுங்காக யாரும் அவளுக்கு அளவுகோல் பிடித்ததில்லை.

பழைய கரைக்கும் இன்றைய தண்ணீருக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் எண்பத்திரண்டு சென்டிமீட்டர்.

"எப்படி, சரியா வந்துச்சா?" என்று கேட்டபடி சில்வி பெருமையோடு வந்தாள்.

"ரொம்பச் சரியா வந்துச்சு," என்றாள் ஹெல்கா.

அன்று சனிக்கிழமை. நாலு மணிக்கே சவுனாவின் புகைபோக்கி புகையத் தொடங்கியது. பெண்கள் முதலில், ஆண்கள் பிறகு. ஹெல்கா யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். சவுனாவுக்குள் யாரும் குரலை உயர்த்துவதில்லை. அங்கே சண்டை கிடையாது. உட்கார்ந்திருப்பது பரம விரோதியாக இருந்தாலும் கிடையாது. சொல்ல வேண்டியதைச் சொல்ல இந்த உலகத்தில் அதைவிடப் பத்திரமான இடம் அவளுக்குத் தெரியவில்லை.

மேல் பலகையில் இருவரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்தார்கள். உடம்பில் தட்டிக்கொள்ளும் பிர்ச் மர இலைக் கட்டின் வாசனை அறையை நிறைத்திருந்தது.

"சில்வி, ஏரியை இறக்கியிருக்காங்க. கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர். அந்த வளையம் படகு கட்டினது. நான் மாற்றப்பட்டதுன்னுதான் எழுதணும். இன்னிக்கு அளவுகோலை நீங்க பிடிக்கறப்பவே சொல்லியிருக்கணும். தைரியம் வரல."

சில்வி அடுப்புப் பக்கம் திரும்பினாள். அகப்பையை எடுத்து, வாளியில் முக்கி, அடுப்புக் கற்களின்மேல் ஊற்றினாள். கற்கள் சீறின. ஆவி கூரையில் மோதி இருவர் தோளிலும் இறங்கியது.

இன்னொரு அகப்பை.

இன்னொன்று.

குரலை உயர்த்தக் கூடாது என்றுதானே வழக்கம். தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எந்த வழக்கமும் இல்லையே. ஐந்தாவது அகப்பையில் ஹெல்காவின் காதுமடல்கள் எரிந்தன. ஆறாவதில் மூக்கு. முதலில் எழுந்து கீழே இறங்குகிறவள் தோற்றவள். இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஹெல்கா பலகையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

ஏழாவது அகப்பை பாதி வழியில் நின்றது.

"காளையே இல்லையா?" என்றாள் சில்வி, மிக மெல்ல.

"காளை இருந்திருக்கலாம். வளையம் அதுக்கு இல்ல."

"பாதிரியார்?"

"அவர் மரத்துல ஏறியிருக்கலாம். அதை நான் அளக்கல."

சில்வியின் வயிறு ஒருமுறை குலுங்கியது. அது கோபமா சிரிப்பா என்று ஆவியில் தெரியவில்லை. "வா, தண்ணிக்குப் போவோம்," என்று அவள்தான் முதலில் எழுந்தாள்.

குளியல் உடைக்கு மேலே துண்டைப் போர்த்திக்கொண்டு படகுத்துறைப் பலகையில் நடந்தார்கள். நீளமான துறை. அதன் முனையில் சில்வி ஏணியில் இறங்கினாள். தண்ணீர் அவள் முழங்காலைத்தான் தொட்டது. அதற்குக் கீழே சேறு. இரண்டு பக்கமும் நாணல். அவள் நடந்தாள், நடந்தாள், நாற்பது அடி நடந்தும் தண்ணீர் தொடையைத் தாண்டவில்லை.

"இந்தத் துறையை அர்மாஸ் மூணு தடவை நீட்டினான்," என்றாள் முதுகைக் காட்டியபடியே. "நாணல் துரத்திக்கிட்டே வந்துச்சு. இந்த ஏரிக்குக் கூச்சம், நம்மளைப் பாத்தா ஓடுதுன்னு சொல்லுவான். இருபது வருஷமா நான் இதுல நீஞ்சல பொண்ணே. தவழ்ந்துட்டு இருக்கேன். ஊர்க்காரங்ககிட்ட இதைச் சொல்லிக்க முடியுமா?"

"சொல்லவே இல்லையே நீங்க!"

"நீ கேக்கவே இல்லையே! உயர்த்தினா எவ்வளவு உயர்த்துவாங்க?"

"கரைக்காரங்க எல்லாரும் சம்மதிச்சா நாப்பது சென்டிமீட்டர் இருக்கலாம். நாலஞ்சு வருஷம் ஆகும். நான் முடிவு பண்றது இல்ல."

"நாப்பதுன்னா எதுவரைக்கும்? காட்டு."

ஹெல்கா சேற்றில் தள்ளாடிப் போய், சில்வியின் வயிற்றில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே கையை வைத்தாள். "இதுவரைக்கும்."

சில்வி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு துறையின் முனையைப் பார்த்தாள். "அப்போ ஏணியில இருந்தே குதிக்கலாம்."

"குதிக்க வேண்டாம். மெதுவா இறங்கி நீஞ்சலாம்."

"நான் குதிப்பேன்," என்றாள் சில்வி. பிறகு சவுனாவைத் திரும்பிப் பார்த்தாள்.  

"அர்மாஸ் இதைப் புதுசாக் கட்டல, தெரியுமா? பக்கத்து ஊர்ல பழசை வாங்கி, பிரிச்சு, மரத்துக்கு மரம் நம்பர் வெட்டி ஏத்திக்கிட்டு வந்தான். நம்பர் இன்னும் முனையில இருக்கு. ஒரு தடவை நகர்ந்த வீடு இன்னொரு தடவை நகராதா என்ன?" சவுனாவை விட்டு வெளியே வந்தாயிற்று, இனிக் குரலுக்குக் கட்டுப்பாடு இல்லை. "யால்மரி! டேய்! வலைக்குள்ள ஒளிஞ்சது போதும், வெளிய வா! ரெண்டு பெரிய ஜாக்கி யார்கிட்ட இருக்குன்னு விசாரி!"

நாணலுக்குப் பின்னாலிருந்து படகு தயங்கித் தயங்கித் தலையை நீட்டியது. "எதுக்கும்மா?"

"சவுனாவை மேட்டுக்கு ஏத்தணும்!"

"இன்னிக்கா?"

ஹெல்காவுக்கும் அதே பயம்தான். "சில்வி, கல்யாணத்துக்கு முன்னாடியா?"

"உனக்குப் புத்தி இருக்கா? மணப்பொண்ணைக் கல்யாணத்துக்கு முந்தின நாள் எங்க குளிப்பாட்டறது, சமையலறையிலயா? அர்மாஸ் வெச்ச இடத்துலதான் உனக்குக் குளியல். அதுக்கப்புறம் நகர்த்தலாம். தண்ணி நான்தான் ஊத்துவேன், இப்பவே சொல்லிட்டேன்."

"எத்தனை அகப்பை?"

"அது உன் நடத்தையைப் பொறுத்தது."

ஹெல்கா கரைக்குத் திரும்பக் காலைத் தூக்கினாள். சேறு விடவில்லை. சில்வி சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்து இழுத்தாள். சேறு விட்டது, சில்வியின் கால் வழுக்கியது. அடுத்த நொடி தொடை ஆழத் தண்ணீரில் மாமியாரும் மருமகளும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள், தலையில் அல்லி இலையோடு.

"யாரு ஜெயிச்சீங்க?" என்று படகிலிருந்து யால்மரி கேட்டான்.

இரண்டு பேரும் சேர்ந்தே அவன்மீது தண்ணீரை வாரி இறைத்தார்கள்.