ஏலக்காய்ப் பச்சையில் ஒரு தீச்சட்டி

பவதாரணியின் வீட்டில் கார் நிற்க வேண்டிய இடத்தில் பானை வனையும் சக்கரம் சுற்றும். கார் தெருவில் வெயில் காயும். இந்த ஒரு காரணத்துக்காகவே அவள் மாமியார் மூக்கம்மாள் போடியில் பாதிப் பேரிடம் சொல்லி அழுதுவிட்டாள். "எஞ்சினியருக்குப் படிச்ச பிள்ளைன்னு கட்டிக்கிட்டு வந்தோம். அது என்னடான்னா சேத்துல கெடக்கு." மீதிப் பாதிப் பேருக்கு அது தானாகவே தெரிந்துவிட்டது.

பவதாரணி பதில் பேசுவதில்லை. அவளுக்கு வேறு சோலி இருந்தது. கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டினால், காயும்போது அது தனியாகக் கழன்று விழும். பக்கத்து வீட்டுப் பூனை ஈரத் தட்டில் நடந்துவிட்டுப் போகும். அந்தத் தட்டையும் அப்படியே சுட்டெடுத்து, குரங்கணியில் விடுதி நடத்துகிறவரிடம் டிசைன் என்று சொல்லி விற்றவள் அவள். சூளை பாதி சூடேறியிருக்கும்போது கரண்டு போகும். கரண்டு வரும்போது உள்ளே இருந்ததெல்லாம் வீணாகியிருக்கும். அவளுக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். மறுநாள் காலை திரும்பவும் மண்ணைப் பிசைவாள்.

இப்படி இருந்த வீட்டுக்கு ஒருநாள் நாத்தனார் சந்திரவல்லி மலையிலிருந்து இறங்கி வந்தாள். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் அவளுக்கு வேலை. அவள் புருசன் முத்துக்கண்ணன் ஜீப்பு ஓட்டுகிறவன். மழைக்காலத்தில் வளைவு ஒன்றில் ஜீப்பு உருண்டு, பிழைப்பானா மாட்டானா என்று கிடந்தான். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான். அவன் எழுந்து நடந்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று அம்மனுக்கு வேண்டியிருந்தாள் சந்திரவல்லி. கோயில் பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

"மதினி, எனக்குச் சட்டி நீங்கதான் செஞ்சு தரணும்" என்றாள்.

பவதாரணிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒருத்தரும் அவளிடம் ஒரு அகல்விளக்குகூடக் கேட்டதில்லை.

"கடைச் சட்டி மாதிரி இருக்காது வல்லி. பளபளன்னு வேற மாதிரி வரும்."

"சாரமில்ல மதினி" என்றாள் சந்திரவல்லி. பரவாயில்லை என்பதற்கு மலையில் பழகிய மலையாளம் அது. "நெருப்பு தாங்கும்ல?"

இந்தக் கேள்விக்குத்தான் பவதாரணி ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். சந்தோஷம் யோசிக்க விட்டால்தானே!

"ஆயிரத்து இருநூறு டிகிரியில வெந்து வர்ற சட்டி அது. உன் வேப்பங்கட்டை நெருப்பெல்லாம் அதுக்குக் கொசுக்கடி" என்றாள்.

ரெண்டு சட்டி செய்தாள், ஒன்று கெட்டால் ஒன்று இருக்கட்டும் என்று. நாத்தனாருக்குக் கை வலிக்கக் கூடாதென்று சுவரை மெலிசாக இழைத்தாள். உள்ளும் புறமும் கண்ணாடிப் பூச்சு கொடுத்தாள். சூளையைத் திறந்தபோது, அப்போதுதான் பறித்த ஏலக்காயின் பச்சையில் ரெண்டும் மின்னின. ஒன்றில் மட்டும் பூச்சு வழிந்து அடியில் ஒரு சொட்டு நின்றுவிட்டது. நல்லதை மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்தாள். மூக்கம்மாள்கூட அதை ஒருதரம் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளிடமிருந்து அதுவே பெரிய பாராட்டு.

பொங்கலன்று காலையில் எல்லாரும் கொட்டகுடி ஆற்றுக்குப் போய்விட்டார்கள். அங்கேதான் சட்டியில் நெருப்பு வளர்த்து, ஊர்வலமாகக் கோயிலுக்கு வருவார்கள். பவதாரணி வீட்டு வேலையை முடித்துவிட்டு நேரே கோயிலுக்கு வருவதாகப் பேச்சு. வீட்டுக்குச் சாம்பிராணி போடலாமென்று, சொட்டு நின்ற அந்த ரெண்டாவது சட்டியில் அடுப்புக் கங்குகளை அள்ளிப் போட்டாள். முதலில் 'டிக்' என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'டிக்'. குனிந்து பார்க்கலாமா என்று திரும்பியபோது படாரென்று வெடித்தது.

சட்டியில் பாதி சுவரில் போய் மோதியது. ஒரு சில்லு அவள் காதோரமாகப் பறந்தது. கங்குகள் தரையெல்லாம் சிதறின. தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு நிமிர்ந்தவளுக்கு, அப்போதுதான் வல்லியின் கையில் இருக்கும் சட்டி ஞாபகம் வந்தது.

ஆயிரத்து இருநூறு டிகிரியாம்! சூளை ஒரு பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி, ஒரு ராத்திரி முழுக்க ஆறும். சட்டி மொத்தமும் ஒன்றாய்ச் சுடும், ஒன்றாய் ஆறும். கையில் ஏந்துகிற சட்டியில் உள்பக்கம் கங்கு, வெளிப்பக்கம் காற்று. கடைச் சட்டி மணல் கலந்த மண், அதற்குள் மூச்சுவிட இடம் இருக்கும். இவள் செய்ததோ கண்ணாடி போல இறுகிக் கிடக்கிற பண்டம். கோப்பை வாங்குகிற ஒவ்வொருவரிடமும் அடுப்பில் வைக்காதீர்கள் என்று வாய் வலிக்கச் சொல்கிறவள், நெருப்பு வைக்கவே ஒரு சட்டியைச் செய்து கொடுத்திருக்கிறாள்.

அதற்கு மேல் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சட்டிக்கு அடியில் ஈர வேப்பிலை வைத்துத்தான் பிடிப்பார்கள். வழியெல்லாம் வீட்டுக்கு வீடு குடம் குடமாக மஞ்சத்தண்ணி ஊற்றுவார்கள். சுட்ட சட்டியில் பச்சைத் தண்ணீர் பட்டால் கேட்கவே வேண்டாம். சந்திரவல்லியின் முகத்துக்கு நேரே வெடிக்கும்.

கணவன் விஜயகுமாருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கொட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? ஸ்கூட்டரை எடுத்தாள். கடைத்தெரு முனையில் கயிறு கட்டி வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

ஊர்வலம் பாதி தூரம் வந்திருந்தது. மஞ்சள் சேலையில் சந்திரவல்லி நடுவில் வந்தாள். கையில் பச்சைச் சட்டி, இன்னும் முழுசாக. பவதாரணிக்கு உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. பக்கத்திலேயே கம்பு ஊன்றிக்கொண்டு முத்துக்கண்ணன். பின்னால் வேப்பிலைக் கொத்தோடு மூக்கம்மாள்.

கத்திச் சொல்லலாமென்று வாயெடுத்தாள். வெடிக்கும் என்று தெரிந்தால் வல்லியின் கை நடுங்கும், போட்டுவிடுவாள். சுற்றி அத்தனை பேரும் வெறுங்காலோடு நிற்கிறார்கள். விஜயகுமாரைப் பிடித்து இழுத்தாள்.

"சட்டி சரியில்லைங்க. உடனே எறக்கச் சொல்லுங்க."

"கிறுக்கா உனக்கு? எடுத்த சட்டிய நடுத்தெருவுல எறக்குறதா?"

கொட்டுச் சத்தத்திலும் 'எறக்க' என்ற சொல் மட்டும் மூக்கம்மாளின் காதில் சரியாக விழுந்துவிட்டது. "எவடி எறக்கச் சொல்றவ? எம் மருமகன் இப்பத்தான் எந்திரிச்சு நடக்குறான். சட்டி தரையில பட்டா யாருக்கு ஆகும்னு தெரியுமா?"

பவதாரணி சட்டியையே பார்த்தாள். அப்போது, அவள் காதுக்கு மட்டும், 'டிக்' என்று கேட்டது.

கடைகள் முடிந்து வீடுகள் தொடங்கும் இடத்தில், முதல் வாசலில் ஒரு பெண் மஞ்சத்தண்ணிக் குடத்தை இடுப்பிலிருந்து தூக்கினாள். வல்லி அங்கே போய்ச் சேர இன்னும் நாலடிதான். பவதாரணி பாய்ந்து அந்தக் குடத்தைப் பிடுங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். சட்டி எடுக்கக் குளித்த கணக்கும் ஆயிற்று. கையிலிருந்த ஈரத்தை உதறிவிட்டு, சொட்டச் சொட்ட வந்து நாத்தனாரின் முன்னால் நின்றாள்.

"வல்லி, சட்டிய எங்கிட்டக் குடு. இதுக்கு மேல நான் எடுக்குறேன்."

"எதுக்கு மதினி?"

"வீட்டாளுக கை மாத்துறது உண்டுல்ல? குடு."

"காலையில டீ குடிச்சிருப்பியே, எப்படி எடுப்ப?" என்றாள் மூக்கம்மாள்.

"பச்சத்தண்ணி குடிக்கல அத்தை." ரெண்டு டம்ளர் டீ குடித்திருந்தாள். அம்மன் மன்னிக்கட்டும், இல்லையென்றால் பிறகு கேட்டுக்கொள்ளட்டும்.

சந்திரவல்லி மதினியின் முகத்தையே பார்த்தாள். அதில் என்ன கண்டாளோ, சட்டியைக் கைமாற்றினாள்.

வாங்கியதும் பவதாரணி கைகளை முடிந்தமட்டும் முகத்தைவிட்டுத் தள்ளி நீட்டிக்கொண்டாள். வெடித்தால் செய்தவள் கையிலேயே வெடிக்கட்டும். ஒரே ஒரு எண்ணம்தான் மனசில் நின்றது, வல்லி இப்போது பின்னால் இருக்கிறாள். ஆனாலும் பயமாக இருந்தது. மூக்கம்மாள் புதுசாக ஈர வேப்பிலையைச் செருக வந்தாள்.

"வேணாம் அத்தை!"

"கை வெந்துரும்டி."

"வேகட்டும்."

வாடின இலைக்கு அடியில் உள்ளங்கை வேகத் தொடங்கியது. விஜயகுமாரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், "ஒருத்தரையும் கிட்ட விடாதீங்க. தண்ணி ஊத்த விடாதீங்க. கட்டையும் போடாதீங்க." அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவள் குரலைக் கேட்டு முன்னால் ஓடி ஆட்களை விலக்கினான்.

மற்றவர்கள் சட்டியோடு ஆடி வந்தார்கள். இவள் மட்டும், சுடாத பானையைச் சூளைக்குக் கொண்டுபோகிற மாதிரி, அடிமேல் அடி வைத்து நடந்தாள். 'டிக்'. பக்கவாட்டில் மயிர் போல ஒரு கோடு ஓடியது. அவள் நடந்த விதத்தைப் பார்த்து அருள் வந்துவிட்டதென்று தெருவே கும்பிட்டது. ஒரு அம்மாள் குறுக்கே விழுந்து, "ஆத்தா, எம் மகளுக்கு ஒரு வாக்குச் சொல்லு" என்றாள்.

"தள்ளிப் போ! தூரமாப் போ!" என்று அலறினாள் பவதாரணி.

அந்த அம்மாள் அதையே வாக்காக எடுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மகளைத் தூர தேசத்தில் கட்டிக்கொடுக்கப் போகிறாளோ என்னவோ.

கோயில் வாசலில் நெருப்பைக் கொட்டுவதற்கு மணல் பரப்பியிருந்தது. பவதாரணி மண்டியிட்டுச் சட்டியைச் சரித்தாள். கங்கு முழுக்க மணலில் விழுந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், வெறும் சட்டி அவள் கையிலேயே படாரென்று ரெண்டாகப் பிளந்தது. ஒரு துண்டு முழங்கையைக் கிழித்துக்கொண்டு போனது.

கொட்டு நின்றது. அடுத்த நொடி குலவை கிளம்பியது. "ஆத்தா வாங்கிக்கிட்டா! சட்டிய ஆத்தாளே வாங்கிக்கிட்டா!" என்று கத்தினார்கள். மூக்கம்மாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தாள். "எம் மருமக தன் கையால செஞ்ச சட்டி" என்று அவள் சொன்னதை அன்றைக்குத்தான் ஊர் கேட்டது.

"அடுத்த வருசம் எனக்கும் ஒன்னு செஞ்சு கொடு தாயி" என்றது ஒரு குரல். "எனக்கும்" என்று இன்னும் சில குரல்கள்.

இத்தனை வருசமாக எதற்கு ஏங்கினாளோ அது காலடியில் வந்து கிடந்தது. சும்மா சிரித்துவிட்டால் போதும். பவதாரணி வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஆத்தா வாங்கல. நாந்தான் தப்பாச் செஞ்சுட்டேன். இந்தச் சட்டி நெருப்பு தாங்காது. வீட்டுல இன்னொன்னு இன்னைக்குக் காலையிலேயே வெடிச்சிருச்சு. யாரும் எங்கிட்ட இதை வாங்கிராதீங்க."

மூக்கம்மாளின் முகம் கறுத்தது. "அடியே! வெடிக்கிற சட்டியவா எம் மக கையில குடுத்த?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, சும்மா இரு" என்றாள் சந்திரவல்லி. அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. தன் ரெண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றில் கொஞ்சம் சாம்பலைத் தவிர ஒன்றும் இல்லை. "காலையிலேயே வெடிச்சதா மதினி?"

"ஆமா வல்லி."

"அப்ப, வெடிக்கும்னு தெரிஞ்சுதான் எங்கிட்டருந்து வாங்குனீங்களா?"

பவதாரணி வெந்த கையை மறைத்துக்கொள்ளப் பார்த்தாள். மூக்கம்மாளின் ஓங்கிய கை அப்படியே நின்றது. மகளின் கையைப் பார்த்தாள். மருமகளின் கையைப் பார்த்தாள். பிறகு அந்த மணலிலேயே உட்கார்ந்து, "அடி பாவி மகளே" என்று பவதாரணியின் தலையைத் தன் மார்போடு சேர்த்து இழுத்துக்கொண்டு, தெருவே கேட்க அழுதாள்.