பற்றிக்கின் தவக்காலம்

என் கணவர் பற்றிக் இந்தத் தவக்காலத்தில் சிகரெட்டை விட்ட செய்தி எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில் முழுவதற்கும் தெரியும். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் வைத்தே சொன்னார், "இந்த முறை இதுதான் பாதர் என்ர ஒறுத்தல்." பாதர் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் தட்டவில்லை. இருபது வருடம் கூட வாழ்ந்தவள் நான்.

தை மாதம் அவருடைய இடது காலின் சின்னவிரல் கறுத்துப்போய், அதை வெட்டி எடுத்தார்கள். சிகரெட்டால் இரத்தக்குழாய் அடைபடுகிறது, இனி ஒன்றிரண்டு சிகரெட் பத்தினாலும் கால் போகலாம் என்று டொக்டர் எங்கள் இருவரையும் இருத்தி வைத்துச் சொன்னார். துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிற மனிதனுக்குக் கால் போனால் பிறகு என்ன இருக்கிறது?

அதனால் உளவு பார்த்தேன். சட்டையை முகர்ந்தேன், பொக்கற்றைத் துழாவினேன், கொஞ்சுவதுபோலப் போய் வாயையும் முகர்ந்தேன். திங்கள் முதல் சனி வரை மனிதர் சுத்தம். ஞாயிறு பின்னேரம் மட்டும் ஏலக்காய் வாசம். அதை நம்ப நான் என்ன பச்சைப்பிள்ளையா?

நாலாம் ஞாயிறு, "கோயிலில பங்குக் கூட்டம் இருக்கு" என்று வெளிக்கிட்டார். பின்னாலேயே போனேன். உட்துறைமுகக் கரையில், கவிழ்த்து வைத்த தோணி ஒன்றின் மேல் குந்தியிருந்து புகை விட்டுக்கொண்டிருந்தார்.

"இதுவோ உங்கட கூட்டம்?"

திடுக்கிட்டார். உடனே சமாளித்தார். "நீர் சண்டைக்கு வருவீரெண்டுதான் சொல்லேல்ல. ஒறுத்தலை நான் முறிக்கேல்ல, கிறிஸ்டின். தவக்காலத்து நாப்பது நாளில ஞாயிறு சேராது. பாதரைக் கேட்டுப்பாரும்."

அது உண்மைதான். சிறுவயதில் இனிப்பை ஒறுத்துவிட்டு ஞாயிறுகளில் நானும் தின்றிருக்கிறேன். ஆனாலும் கோபம் தலைக்கேறியது.

"ஞாயிறை ஆண்டவர் கணக்கில கழிச்சு விடுவார். உங்கட ரத்தக்குழாய்க்கு ஞாயிறு எண்டு தெரியுமோ?"

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. இடது காலை மெல்லத் தோணிக்குக் கீழே இழுத்தார்.

"சப்பாத்தைக் கழட்டுங்கோ."

"வேண்டாமப்பா."

மணலில் குந்தி நானே கழற்றினேன், சொக்ஸையும் உருவினேன். அடுத்த விரலின் நுனி கறுத்திருந்தது.

"இது எப்ப தொடங்கினது?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சிகரெட்டையும் கீழே போடவில்லை.

"ரெண்டாம் ஞாயிறே கண்டனான்," என்றார்.